வயிற்றைப் பார்த்துச் சினை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மினி பன்றி வளர்ப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீவனம், குளியல், பழக்கும் முறை எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பெட்டை வளர்ப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்கிற கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. "அக்கா, இது சினையா இல்லையானு பாத்துச் சொல்லுங்க" என்பதுதான் அந்தக் கேள்வி.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓமலூர், ஏற்காடு பக்கம் ஆடு மாடுகளோடும், கடைசிக் காலத்தில் வெண்பன்றிப் பண்ணைகளோடும் வேலை பார்த்தேன். இப்போது ஏற்காடு மலைக்குப் போகும் வழியில் இருக்கிற சேலம் கோரிமேட்டில் இருக்கிறேன். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் வழியிலேயே வண்டியை நிறுத்தி, பின் சீட்டில் பன்றியோடு வாசலில் நிற்பார்கள். எல்லோரும் காட்டுவது அதன் வயிற்றைத்தான். "தரையைத் தொடுதுங்க, குட்டிதானுங்களே?" என்பார்கள்.

மினி பன்றிகளில் பெரும்பாலானவை வியட்நாம் தொந்திப் பன்றியின் வழி வந்தவை. வயிறு தொங்குவது அதன் பிறவி அமைப்பு. கொஞ்சம் கொழுப்பு ஏறினாலே தரையைத் தொடும். ஆண் பன்றிக்கும் தொங்கும். அதனால் வயிற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாட்டுக்குச் செய்வதுபோல உள்ளே கைவிட்டுப் பார்க்கலாம் என்றால், இந்தச் சின்ன உடம்புக்கு அதுவும் ஆகாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நாளைத்தான். பெட்டைப் பன்றி ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அப்போது பிறப்புறுப்பு சிவந்து தடித்திருக்கும், தீனி குறையும், ஓர் இடத்தில் நிற்காது, கத்திக்கொண்டே சுற்றும். இடுப்புக்கு மேலே முதுகில் கையை வைத்து அழுத்தினால் மட்டும் காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். இது இரண்டு மூன்று நாள் இருக்கும். ஆண் பன்றியோடு சேர்ந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, அதிலிருந்து 18ஆம் நாள் தொடங்கி 24ஆம் நாள் வரை தினமும் கவனியுங்கள். மறுபடி பருவத்துக்கு வந்தால் சினை இல்லை. வராவிட்டால் சினையாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் நானும் சொல்வேன். கருப்பையில் கோளாறு இருந்தாலும், சூலகத்தில் நீர்க்கட்டி இருந்தாலும், சில நேரம் பொய்ச்சினையிலும் பருவம் நின்றுவிடும்.

உறுதியாகத் தெரிய ஸ்கேன்தான் வழி. சேர்ந்து நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். பின்னங்காலுக்கு முன்னால், காம்பு வரிசைக்குச் சற்று மேலே ஜெல் தடவிக் கருவியை வைத்தால், கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பைகள் திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். பன்றியைக் கட்டிப் படுக்க வைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தீனியைத் தட்டில் போட்டால் நின்றபடியே காட்டும். சிறுநீர்ப்பையும் திரையில் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால், பன்றிக்கு ஸ்கேன் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போவது நல்லது. எந்த நாளில் சேர்ந்தது என்றே தெரியாதவர்கள் இன்று ஒரு முறையும் நான்கு வாரம் கழித்து ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் பெண்களுக்காக விற்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை வாங்கிப் பன்றிக்குப் போட்டுப் பார்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டை தேடுவது கர்ப்பிணிப் பெண்களுக்குச் சுரக்கும் எச்.சி.ஜி என்ற ஹார்மோனை. பன்றிக்கு அது சுரப்பதே இல்லை. அதனால் பட்டை எதைக் காட்டினாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. தயவுசெய்து அதில் காசைப் போடாதீர்கள்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் தம்பி ஒருவர் ஆணும் பெட்டையுமாக ஒரு ஜோடி வாங்கினார். "கூடப் பொறந்ததுங்க, சேராது" என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பன்றிக்கு அண்ணன் தங்கை என்ற கணக்கு கிடையாது. மினி பன்றியில் ஆண் குட்டி இரண்டு மூன்று மாதத்திலேயே சினைப்படுத்தும் நிலைக்கு வந்துவிடும். பெட்டை மூன்று நான்கு மாதத்தில் பருவத்துக்கு வரும். அவருடைய பெட்டைக்கு ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. ஸ்கேனில் குட்டிகள் தெரிந்தன. வளர வேண்டிய வயதில், இடுப்பெலும்பு விரியாத உடம்பில் சினை. பிரசவத்தின்போது மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஜோடியாக வாங்குகிறவர்கள் ஆணுக்கு உடனே காயடித்துவிடுங்கள். அதன் பிறகும் சில வாரம் தனியாகவே வையுங்கள், ஏனென்றால் முன்பே உருவான விந்து உள்ளே மிச்சம் இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் வயதான பெட்டை. அக்கம்பக்கத்தில் ஆண் பன்றியே இல்லை. வயிறு பெருத்துக்கொண்டே போனது. தெருநாய்க்குப் பயந்து மதில் தாண்டி ஓடிய ஒரு நாளில் எங்கோ சேர்ந்திருக்கும் என்று நம்பி அந்த அம்மா தீனியைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் கருப்பையில் பெரிய கட்டி. கருத்தடை செய்யாத பெட்டை மினி பன்றிகளுக்கு வயதான பிறகு கருப்பைக் கட்டி வருவது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். நல்ல வேளையாக அறுவை செய்து எடுத்துவிட்டார்கள், பன்றி பிழைத்தது. குட்டி வரும் என்று இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் பதறுகிறது. குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் சின்ன வயதிலேயே பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும்.

சினை என்று உறுதியானால் அடுத்தது கணக்கு. பன்றிக்காரர்கள் சொல்வது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். மொத்தம் சுமார் 114 நாள். மினி பன்றிக்கும் இதே கணக்குதான். பொங்கலன்று சேர்ந்திருந்தால் பிப்ரவரி நடுவில் ஸ்கேன், மே 9 வாக்கில் குட்டி. அது அக்னி நட்சத்திரம். பன்றிக்கு உடம்பு முழுக்க வியர்த்துச் சூடு தணியாது. சேலம் வெயிலில் நிழலும், புரள்வதற்கு ஈர மண்ணும், எப்போதும் குடிதண்ணீரும் இல்லாவிட்டால் சினைப் பன்றி தாங்காது. மலையில் மார்கழியில் ஈன்றால் கவலை வேறு: பிறந்த குட்டிக்கு 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஏற்காட்டு இரவில் அது கிடைக்காது. வைக்கோலும் குட்டிகள் ஒடுங்கும் மூலையில் ஒரு விளக்கும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

காம்புகள் எடுத்துத் தெரிவது கடைசி மூன்று நான்கு வாரத்தில்தான். அப்போது பன்றி படுத்திருக்கும்போது விலாவில் குட்டி அசைவதும் தெரியும். காம்பை அழுத்தினால் வெள்ளைப் பால் வந்தால், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் ஈன்றுவிடும். அந்த நேரத்தில் கிடைத்த துணி, சாக்கு, வைக்கோலை எல்லாம் வாயில் கவ்விக்கொண்டு போய் மூலையில் சேர்க்கும். பிறப்புறுப்பு மறுபடி தடிக்கும். அதைப் பருவம் என்று எண்ணி ஆண் பன்றியோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சீம்பால் முதல் சில மணி நேரத்திலேயே குட்டியின் வயிற்றுக்குள் போக வேண்டும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாது. சிமெண்ட் தரையில் வளரும் குட்டிக்கு மூன்றாம் நாள் வாக்கில் இரும்புச்சத்து ஊசி போட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த மருத்துவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே தலைவாசலிலும் இருக்கிறது. ஆனால் ஏற்காட்டுக்காரர் ஒரு ஸ்கேனுக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளில் பன்றியை ஏற்றி இறக்கி, அதற்கு மேல் இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போக வேண்டும். நிறைசினையில் அந்தப் பயணமே ஆபத்து. அதனால்தான் பலர் வயிற்றைப் பார்த்துச் சொல்லும் ஆட்களைத் தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், விற்பனைக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதோடு குட்டி பிறந்த தேதி, ஆணாக இருந்தால் காயடித்ததா இல்லையா என்ற இரண்டையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களும் கேட்டு வாங்குங்கள்.

மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், கையில் எடுத்துப் போகக்கூடிய ஸ்கேன் கருவியோடு மாதத்தில் ஒரு நாளாவது மலைக்கு மருத்துவரை அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். எந்த நாள் என்பதை முன்னதாகவே அறிவியுங்கள். மினி பன்றி வைத்திருக்கும் சில பேருக்காக மட்டும் இதை நான் கேட்கவில்லை. நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் ஆடு வைத்துப் பிழைக்கிறவர்களுக்கும் அதே கருவிதான் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
கோரிமேடு, சேலம்.