ஞாயிறு மதியம்: கே போ ரோடு வரை ஒரு நடை

சபையாருக்கு ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரிவர் வேலி ரோடு பக்கம், கே போ ரோடு பாப்டிஸ்ட் சபை வரை நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம்.

சிங்கப்பூரில் பாப்டிஸ்ட் சபைகள் தொடங்கியது 1937-இல். தொடங்கியவர்கள் வெள்ளைக்கார மிஷனரிகள் இல்லை. சீனாவிலிருந்து பிழைக்க வந்த சாதாரண மக்கள். நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறியது போலத்தான், பெட்டியோடு ஜெபப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஐந்து வருடத்தில் ஜப்பான்காரன் காலம் வந்தது. 1945 வரை தாக்குப்பிடித்தார்கள். சீனாவில் 1949-இல் ஆட்சி மாறி, அங்கிருந்த மிஷனரிகள் வெளியேறிய பிறகுதான் அமெரிக்க ஊழியர்கள் இங்கே வந்தார்கள்.

பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். தெளிப்பு ஞானஸ்நானம் மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். பாப்டிஸ்ட் சபையில் கொடுப்பது முழுக்கு ஞானஸ்நானம். மார்பளவு தண்ணீர், முதுகைத் தாங்கும் போதகரின் கை, ஒரு நொடி தலை முழுக மூழ்கி எழுவது: இதை அங்கே வைத்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

மதியம் 2 மணி, கிரேட் வேர்ல்ட் எம்ஆர்டி வாசல். குடையும் தண்ணீரும் மறக்காதீர்கள். வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள்.