எங்கள் தெருப் பாடல்களில் எங்கள் பெண்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னை இளைஞர்கள் சொந்தமாக எழுதி, பாடி, படம்பிடித்து யூடியூபில் வெளியிடும் கானா பாடல்களை விடாமல் பார்த்துவருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கோடம்பாக்கம் எங்கள் பகுதியைக் கத்தியும் கஞ்சாவுமாகவே காட்டுகிறது என்று பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டோம். அந்தக் குறை நியாயமானதே. ஆனால் கேமரா எங்கள் பிள்ளைகளின் கைக்கே வந்த பிறகும் காட்சி மாறவில்லை. காசிமேட்டுப் படகுகளுக்கு முன்னால் நான்கு பேர் பைக்கை முறுக்குவார்கள், ஒருவன் கெத்து காட்டுவான், ஒரு பெண் சிரிப்பாள், அடுத்த சரணத்தில் அவனை ஏமாற்றிவிட்டுப் போய்விடுவாள். அவள் பாட ஒரு வரிகூட இருக்காது.

எங்கள் தெருவில் இப்படியொரு படப்பிடிப்பு நடந்தபோது, நாயகியாக நடிக்கச் சிவந்த நிறப் பெண் ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மெட்ரோ வாட்டர் லாரி வந்துவிட, குடத்தோடு ஓடிவந்த பெண்களிடம், “அக்கா, ஃப்ரேம்ல வராதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று ஒரு தம்பி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். எங்கள் தெருவைப் பாடும் பாட்டில் எங்கள் தெருப் பெண்களுக்கு இடமில்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

இத்தனைக்கும் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர். ராயபுரத்து இசைவாணி கானா பாடியே 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர்.

இதில் பையன்களுக்கும் நட்டம்தான். காதல் தோற்றால் குடி, இல்லையென்றால் அவளைப் பழி என்று இரண்டே வழிகளைத்தான் இந்தப் பாடல்கள் அவர்களுக்குக் காட்டுகின்றன. கானாவின் வேர் அப்படிப்பட்டதல்ல. சாவு வீட்டுப் பந்தலில் இரவெல்லாம் மரண கானா பாடிய ஆண்கள், இறந்த தாயை நினைத்து ஊரறியக் கண்ணீர் விட்டார்கள். அவர்களை யாரும் ஆண்மையில் குறைந்தவர்களாக எண்ணியதில்லை. அந்த அழுகையை விட்டுவிட்டு வீறாப்பை மட்டும் இன்றைய தலைமுறை எடுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இணையத்தில் நேரடியாக வெளியாகும் பாடல்களுக்கும் திரைப்படங்களைப் போலத் தணிக்கை வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதே ரகப் பாடல்கள் பெரிய படங்களில் சான்றிதழோடுதானே வருகின்றன? தணிக்கை வந்தால் முதலில் முடங்குவது ஆள்பலமும் பணபலமும் இல்லாத எங்கள் பிள்ளைகளின் பாடல்களாகத்தான் இருக்கும்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாராவாரம் புதுப் படங்களுக்கு விமர்சனம் எழுதும் தங்கள் நாளிதழ், கானா பாடகர் மீது வழக்கு பதிவானால் மட்டும் அதைச் செய்தியாக்காமல், இந்தப் பாடல்களின் வரிகளையும் காட்சிகளையும் அதே அக்கறையோடு விமர்சித்து எழுத வேண்டும். தாளில் தங்கள் பெயர் வந்தால் அதை வெட்டி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். குறை சொன்னாலும் நிச்சயம் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.