இசக்கிக்கு, நடவு முடிந்த மறுநாள்

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 20

அன்பு மகள் இசக்கிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குப் போனில் சரியாகப் பேச வராது, அதனால்தான் கடிதம். மேலவயலில் பிசான நெல் நடவு நேற்று முடிந்தது. கன்னடியன் கால்வாயில் தண்ணீருக்குக் குறைவில்லை.

எலியின் எலும்புக்குள் தெரிந்த கறுப்புப் புள்ளி உயிருள்ள செல் இல்லை, ஒரு வருட வேலை வீணாகிவிட்டது என்றாய். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. பெருகிப் புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லுக்குள் இரும்புத் துகளை ஏற்றி அனுப்பினால், எம்.ஆர்.ஐ. படத்தில் அது இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். ஆனால் செல் செத்தாலும் இரும்பு அங்கேயே கிடக்கும். செத்த செல்லை விழுங்கித் துப்புரவு செய்யும் மேக்ரோபேஜ் என்ற செல்லும் அதே கறுப்பைக் காட்டும். பிழைத்த செல்லோ இரண்டாய், நாலாய்ப் பெருகப் பெருக, இரும்பு பங்கு பிரிந்து மங்கிப் போகும். ஆக, செத்தது தெரிகிறது, தழைத்தது மறைந்துவிடுகிறது. இதை நீயே கண்டுபிடித்து, நீயே பேராசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். இதில் அழ என்ன இருக்கிறது தாயி?

தம்பிக்கு உன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்த நாலாம் நாள் பரீட்சைக்காக நீ வேலூரிலிருந்து கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம் நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை.

உன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தது ஒரு பை. ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினார்கள். இவ்வளவுதானா என்று கேட்டேன். எலும்புக்குப் போகிற வழி அதற்கே தெரியும் என்றார் டாக்டர். போய்ச் சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்றேன். ரத்த அணுக்களின் கவுண்ட் ஏறினால் தெரியும், பொறுங்கள் என்றார். தினமும் விடிகாலையில் ரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்கு நர்ஸ் எண்ணைச் சொல்வார். வெள்ளையணு 200. மறுநாள் 100. ஐந்தாம் நாள் நூறுக்கும் கீழே. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வந்தேன், அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. 11ஆம் நாள் அவன் வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அன்றைக்கு நான் எண் எழுதவில்லை, வெறும் கோடு போட்டிருக்கிறேன். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுவான நியூட்ரோபில் 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றது 22ஆம் நாள்தான்.

நட்ட நாற்று நாலு நாள் மஞ்சளடித்துச் சோர்ந்து நிற்கும். அப்புறம் பச்சை பிடித்துவிட்டதா என்று வரப்பில் நின்றாலே தெரிந்துவிடும். சந்தேகமென்றால் ஒன்றைப் பிடுங்கி, புது வேர் வெள்ளையாக விட்டிருக்கிறதா என்று பார்ப்போம். பெற்ற பிள்ளையின் எலும்பில் தினமும் ஊசியை இறக்கியா பார்க்க முடியும்?

அந்த ஐந்தாம் நாள் யாராவது உன் கறுப்புப் புள்ளிப் படத்தைக் காட்டி, பிடித்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அங்கிருந்தே ஆச்சிக்குப் போன் போட்டிருப்பேன். அப்படி ஏங்கிக் கிடந்தேன். அந்த நிலையில் இருக்கிறவனிடம் காட்டுகிற படம் பொய் சொல்லக் கூடாது, இசக்கி. நீ தடுத்து நிறுத்தியது அந்தப் பொய்யைத்தான். ஒரு வருடம் போனால் போகட்டும்.

நீ சொன்ன மற்ற வழிகளையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். 2004இல் ஸ்டான்ஃபோர்டில், மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் ஜீன் உள்ள ஒரே ஒரு ஸ்டெம் செல் எலிக்குள் பெருகி வருவதைப் பார்த்தார்களே, எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு நிறைகிறது. செல் செத்தால் விளக்கு அணைந்துவிடும், பெருகினால் குஞ்சுகளுக்கும் விளக்கு வரும். ஒரு இடத்தில் ஒளி மங்கி இன்னொரு எலும்பில் ஏறுமாம். மனித உடம்பின் கனத்தைத் தாண்டி அந்த வெளிச்சம் வெளியே வராது என்பதுதான் குறை.

அப்புறம் 2018இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. பிரிகிற செல்லுக்கு வேண்டிய தைமிடின் என்ற பொருள் மாதிரி ஒன்றில் கதிர் வீசும் ஃப்ளோரின்-18ஐச் சேர்த்து, மஜ்ஜை மாற்றிய நோயாளிகளுக்கே, அந்தக் கதிரை வைத்துப் படம் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். மஜ்ஜை துளிர்ப்பது ஐந்தாம் நாளுக்குள் தெரிந்ததாம், கவுண்ட் காட்டுவதற்கு 20 நாள் முன்பு வரைக்கும்கூட. ஐந்தாம் நாள்! என் தாளில் நூறுக்கும் கீழே என்று இருக்கிற அதே நாள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியர் வேறு வழியில் தொடங்கச் சொன்னால் தொடங்கு. ஊருக்கு வந்துவிடவா என்று கேட்டாயே, வா, பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போ. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி லைசென்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறான். ரத்த வகைக் கட்டத்தில் அம்மா மஜ்ஜை மாற்றுவதற்கு முந்தின பழைய அட்டையைப் பார்த்து ஓ பாசிட்டிவ் என்று எழுதிவிட்டாள். அவன் அதை அடித்துவிட்டு, பி பாசிட்டிவ், அக்காவுடையது என்று சொல்லிக்கொண்டே எழுதினான். ஃபாரத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா