ஊருணிக்கரை நாவலும் உன் பினாங்கு ஜம்புவும்

அன்புள்ள வயிரவா,

உன் கடிதமும் படமும் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதில்தான் பதில் எழுதத் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார்கள், முகப்பில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் அடையாளம் சொல்கிறார்கள். உன்னையும் கேட்டார்கள்.

உன் பினாங்கு வீட்டுக் கொல்லையில் சிவப்புச் சிவப்பாகத் தொங்குகிற ஜம்பு ஆயர் பழங்களைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அதில் ஒரு கன்று கொண்டுவந்து இங்கே உன் வீட்டுப் பின்கட்டில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. அதே ஆசையில் போன வருடம் நானும் ஒரு நர்சரியில் கன்று வாங்கி வைத்தேன், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் வைகாசி வெயிலைத் தாங்காமல் கருகிப்போனது. ஈரக்காற்றில் வளர்ந்த மரத்தை நம் செம்மண் காட்டில் கொண்டுவந்து வதைக்க வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம்தான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். உன் ஜம்புவும் நம் ஊருணிக்கரை நாவலும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய சொந்தங்களின் ஒரே கூட்டம், பெயர் சைசீஜியம். ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை ஏறக்குறைய 1200 வகைகள் இருக்கின்றன, மரங்களிலேயே இத்தனை வகை உள்ள பேரினம் வேறு இல்லை என்கிறார்கள். அந்தக் கிரேக்கப் பெயருக்கு நுகத்தில் சேர்த்துப் பூட்டியது என்று பொருளாம். நாவல் கிளையைப் பார், இலைகள் எதிரும் புதிருமாக ஜோடி மாடு மாதிரிதான் நிற்கும். பெயரிலும் உறவு விடவில்லை. ஜம்பு என்றால் வடமொழியில் நாவல்தானே, திருவானைக்காவலில் வெண்நாவல் மரத்தடியில் இருப்பவர் ஜம்புகேசுவரர். அந்தச் சொல்தான் கடல் கடந்து மலாய் மொழியில் ஜம்பு ஆகி, பழத்தில் தண்ணீர் நிறைய என்பதால் தண்ணீருக்கான மலாய்ச் சொல்லான ஆயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நம் தாத்தாக்கள் கப்பலேறுவதற்குப் பல நூறு வருடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்த சொல். இதைப் படித்த அன்று ராத்திரியே உனக்குப் போன் போடலாம் என்று எழுந்தேன், அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பங்காளி யார் தெரியுமா, கிராம்பு! எத்தனை வருடமாக நம் அடுப்படியில் பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசியோடு சேர்த்து வறுபடுகிறது, அது நாவலுக்குச் சொந்தம் என்று நான் நினைத்ததே இல்லை. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்த மரம், விரியாத மொக்கைப் பறித்துக் காயவைத்தால் கிராம்பு. தலையில் இருக்கும் சின்ன உருண்டைதான் மூடிய இதழ்கள். சித்திரையில் நாவல் பூக்கும்போது ஒரு மொக்கைக் கிள்ளிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், குட்டிக் கிராம்பு மாதிரியே இருந்தது. கன்னியாகுமரி மலைகளில் நல்ல கிராம்பு விளைகிறது, நம் பக்கம் வராது. முன்பு இவற்றை எல்லாம் யூஜீனியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள், ஐரோப்பாவின் சவாய் அரச குடும்பத்து இளவரசர் யூஜீன் பெயரில். கிராம்புத் தைலத்தில் இருக்கிற யூஜெனால் என்ற வாசனைப் பொருளில் அந்தப் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் அடிக்குமே, அந்த வாசனைதான்.

கொய்யாவும் தைலமரமும்கூட இதே பெரிய குடும்பம்தான். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாக எண்ணெய்ப் புள்ளி தெரியும். ஆனால் மானாமதுரைக்குப் போகிற வழியெல்லாம் தைலமரக்காட்டைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. கீழே ஒரு பிள்ளைக்குப் பொறுக்கித் தின்ன ஒரு பழம் உண்டா, சொல்.

ஊருணியைத் தூர்வாரினார்கள், நல்ல காரியம். ஆனால் மண் அள்ளும் வண்டி திரும்ப இடமில்லை என்று வடகரை நாவலின் பெரிய கிளையை வெட்டிவிட்டார்கள். நாம் ஏறி உட்கார்ந்து டவுசரெல்லாம் கறையாக்கிக்கொண்ட அதே கிளை. கேட்கப் போவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான்.

அந்த ஆடியில் மரத்தடியில் கிடந்த பழங்களில் நாற்பது கொட்டை பொறுக்கி, கழுவி, உடனே பையில் மண் போட்டு ஊன்றிவிட்டேன். நாவல் கொட்டையைக் காயவைத்து எடுத்துவைத்தால் சில வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும். முளைத்தபோது அதிசயமாக இருந்தது, சில கொட்டையில் ஒன்றுக்கு இரண்டு மூன்று முளை. இந்த மரத்துக்கு அந்தக் குணம் உண்டாம். இப்போது முப்பது கன்று முழங்கால் உயரம் நிற்கிறது. காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும், ஆனால் அந்த மரத்தின் பிள்ளைதான் எனக்கு வேண்டும்.

உனக்குச் சர்க்கரை என்று எழுதியிருந்தாய். நாவல் கொட்டைப் பொடி சாப்பிடுவதாக இருந்தால் உன் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதே.

கரையில் ஒன்பது கன்றுக்கு இடம் பார்த்தாயிற்று. உன் வீட்டுப் பின்கட்டில், கிணற்றுக்கு மேற்கே ஒன்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். சாவி உன் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது, ஆனால் ஏழு பங்காளிகளும் சரி சொல்லாமல் அவர் கதவைத் திறக்க மாட்டார். நீ எல்லோருக்கும் ஒரு வார்த்தை பேசிவிடு. ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்குள் சொன்னாயானால் குழி வெட்டி வைத்துவிடுவேன்.

உன்,
சுப்பு