நரம்பு நோய்க்கு மருந்து தரும் இடத்திலேயே மனதையும் விசாரிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் தந்தையைக் கவனித்துவரும் மகள் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்தவர் அவர். வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் குழறியபின் அவருடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பார்த்தார்கள். சாப்பாட்டை ஒதுக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாரே, ஏன் என்று எந்த மருத்துவரும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் அதைப் பிடிவாதம் என்றார்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இவ்வளவு பெரிய அடி விழுந்தால் வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிக் கடந்துபோவது சரியல்ல. இழப்பின் துயரத்தோடு மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் இதற்குக் காரணமாகிறது, சிகிச்சையளித்தால் குணமாகக்கூடியது, அளிக்காவிட்டால், கை காலுக்குச் சொல்லித்தரும் பயிற்சியைச் செய்யும் மனமே நோயாளிக்கு இருப்பதில்லை. பார்க்கின்சன் நோயில் நடுக்கம் தொடங்கும் முன்பே மனச்சோர்வு தலைகாட்டுவதுண்டு. வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் எரிச்சலையும் கோபத்தையும் கூட்டலாம் என்பதையும், அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் குடும்பத்தாருக்கு முதல்நாளே விளக்க வேண்டும்.

மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னாலே, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று எங்கள் பகுதி மக்கள் இன்னமும் அஞ்சுகிறார்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைப்பது பெரிய உதவிதான், கவனித்துக்கொள்வோரும் அழைக்கலாம். ஆனால், பேச்சிழந்த ஒருவர் தன் துயரத்தைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வார்? அவருக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, தலையசைப்புக்குக் காத்திருக்க ஒரு மனிதர் வேண்டும்.

அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. எனவே, நரம்பியல் புறநோயாளிகள் பிரிவு இயங்கும் நாட்களில் அதே கூடத்தில் மனநல ஆலோசகர் ஒருவரை அமர்த்த வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடும் இயன்முறைப் பயிற்சியோடும் வீட்டுக்கே வரும் பணியாளர்கள், கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனம் சோர்ந்தே இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை நோயாளியிடமும் அவரைக் கவனிப்பவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் இதை வடசென்னையிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை