ஆட்டோபைலட் இல்லாம ஒத்தையா போறியாமே

டேய் மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, குறுவை நடவுல கையே ஒழியல. குடமுருட்டில தண்ணி வந்ததுலேர்ந்து அப்பா ராத்திரி டார்ச்ச எடுத்துகிட்டு மடை பாக்க கெளம்பிடறார், முட்டி வலிக்குதுன்னு பகல் பூரா பொலம்பறதும் அவர்தான்.

சரி, அந்தப் பழைய செஸ்னா 172ங்கற குட்டி விமானத்துல, தானா ஓட்டிக்கற ஆட்டோபைலட்டும் இல்லாம, மேகத்துக்குள்ள தனியா போறேன்னு எழுதிருக்க. உங்க ஊர்ல காசு வாங்கி ஆள் ஏத்தி மேகத்துக்குள்ள போனா ஒத்த பைலட்டுக்கு ஆட்டோபைலட் இருந்தே ஆகணும், சொந்தமா ஓட்றவன மட்டும் அவன் தலையெழுத்துன்னு விட்டுட்டாங்க.

நான் அங்க ஓட்டுனப்ப ஒருநாள் பேனா கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துட்டு நிமிர்றேன், ஒடம்பு நேராதான் போறோம்னு சொல்லுது, விமானம் எப்படிச் சாஞ்சிருக்குன்னு காட்ற அட்டிட்யூட் இண்டிகேட்டர பாத்தா இடது பக்கம் 30 டிகிரி சாஞ்சு கெடக்கு, 300 அடி கீழயும் எறங்கிருச்சு! யோக்க, அதான் ஸ்டியரிங் மாதிரி இருக்கறத, இறுக்கிப் புடிச்சிருந்தேன், குனியறப்ப கையும் கூடவே வந்துருச்சு. மெதுவா சாஞ்சா காதுக்குள்ள இருக்கற பேலன்ஸுக்குத் தெரியவே தெரியாது. 1954ல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில வெளிய பாக்காம கருவிய மட்டும் பாத்து ஓட்டிப் பழக்கம் இல்லாத 20 பைலட்ட வச்சுப் பாத்தாங்கல்ல, சராசரியா 178 விநாடில எல்லாம் கைய விட்டுப் போயிருச்சு. பேனா விழுந்த அன்னிலேர்ந்து நான் மூணு பேனா வச்சுக்குவேன், ஒண்ண நூல்ல கட்டி. விழுந்தா கெடக்கட்டும்.

யோக்க ரெண்டு விரல்ல புடிச்சாலே விமானம் நேரா நிக்கற மாதிரி ட்ரிம் பண்ணி வைக்காம, வழி போட்ட சார்ட்ட தொடாத. தொட்டாலும் ஒரு வரி படி, அட்டிட்யூட் பாரு, ஹெட்டிங் (போற திசை) பாரு, திரும்ப அட்டிட்யூட், உயரம் காட்ற ஆல்டிமீட்டர், அப்பறம்தான் அடுத்த வரி. அப்பா ஒரே மடைல நின்னுட்டா அந்தாண்ட வரப்பு ஒடைஞ்சிரும்ல, அதேதான்.

விமானத்த திருப்பிட்டிருக்கறப்ப தரைலேர்ந்து வழி சொல்ற கன்ட்ரோலர் புது ரூட் குடுத்தா ஸ்டாண்ட்பை, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு மொதல்ல எறக்கைய நேராக்கு, கடுப்பானா ஆவட்டும். ஓடுபாதைக்கு ரேடியோல வழிகாட்ற ஐஎல்எஸ் ஃப்ரீக்வன்சி போட்டு அது சரியானதுதானான்னு மோர்ஸ் கேக்கறது, ஓடுபாதை தெரியலன்னா அதுக்குக் கீழ எறங்கக் கூடாதுங்கற மினிமம்ஸ் உயரம், எறங்க முடியாம மேல ஏறிப் போற மிஸ்டு அப்ரோச்ல எவ்ளோ ஏறி எந்தப் பக்கம் திரும்பணும், இதெல்லாம் எறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிரு. 90 நாட் (knot) வேகத்துல வந்தா 3 டிகிரி சரிவுல எறங்கறதுக்கு நிமிஷத்துக்கு 450லேர்ந்து 480 அடி எறங்கணும், அதுக்கு என்ன பவர்னு வெயில் நாள்லயே பாத்து வச்சுக்க. அப்பயும் நேரம் பத்தலன்னா ஹோல்டிங் கேளு, ஒரே எடத்துல சுத்திகிட்டு காத்திருக்கறது, ஒரு சுத்துக்கு 4 நிமிஷம் கெடைக்கும். கேக்கறதுல என்னடா வெக்கம், நான் வெக்கப்பட்டுதான் எறங்க வர்ற ரெண்டு அப்ரோச்ச கெடுத்தேன்.

தீவாளிக்கு வர்றியான்னு அம்மா கேக்கறாங்க. டிக்கெட் போட்டா தேதிய எழுது, திருச்சிக்கு நானே வண்டி எடுத்துட்டு வர்றேன். அப்பா டார்ச்சுக்கு நல்ல பேட்டரியா பாத்து வாங்கிட்டு வா.