குட்டிம்மாவுக்கு, ஸ்டீயரிங் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள குட்டிம்மா,

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு "கத்துக்கச் சொல்லு, கத்துக்கச் சொல்லு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் கட்சி சேர்ந்து உன்னை மடக்கிய மாதிரி ஆகிவிடக் கூடாது. அதனால்தான் கடிதம்.

நீ இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாய். காரும் கையுமாகத் திரிகிற வாழ்க்கை வேண்டுமா என்பது ஒன்று. ஓட்டக் கற்றுக்கொள்வதா என்பது வேறு. முதலாவதற்கு உன் பதில் எனக்குப் பிடித்தே இருக்கிறது: பஸ்ஸும் ரயிலும் போதும், புகை வேண்டாம், மாதத் தவணை வேண்டாம். சரி, கார் வாங்காதே. அதற்காக இரண்டாவதையும் ஏன் கைகழுவுகிறாய்?

நான் கற்றுக்கொண்டது 36 வயதில். ஆசைப்பட்டு இல்லை. வேலை மாறியது, புது அலுவலகத்துக்கு பஸ் கிடையாது, மூன்று வாரத்தில் லைசென்ஸ் கையில் இருந்தாக வேண்டும். அவசரத்தில் படிக்கிறவள் பரீட்சைக்குத்தான் படிப்பாள். தேர்வு நடக்கும் தெருக்களில் எங்கே இண்டிகேட்டர், எங்கே இரண்டாவது கியர் என்று மனப்பாடம் செய்து பாஸாகிவிட்டேன். வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே ஓர் ஏற்றத்தில் சிவப்பு விழுந்தது. பச்சை வந்ததும் பிரேக்கை விட்டேன், வண்டி பின்னால் உருண்டது. பதறிப்போய் கிளட்சைப் படக்கென்று எடுத்தேன். ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். நாலு முறை. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது, எனக்கு உள்ளங்கை வழுக்குகிறது. கடைசியில் பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஹேண்ட்பிரேக்கைப் போடும்மா. கிளட்சை மெதுவா விடு, மூக்கு லேசாத் தூக்கும். அப்ப ஆக்சிலேட்டரைக் கொடுத்துட்டு ஹேண்ட்பிரேக்கை எறக்கு" என்றார்.

மூக்கு தூக்குகிற அந்த இடத்தைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். கிளட்சுக்குள் இன்ஜினோடு சுற்றுவது ஒரு தட்டு, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது இன்னொரு தட்டு. மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும். ஒட்டத் தொடங்குகிற நொடியில் இன்ஜின் ஒரு சுருதி இறங்கும், பாதத்துக்கு அடியில் சின்ன நடுக்கம் வரும். காதை விட அது காலுக்குத்தான் முதலில் தெரியும். ஐம்பது தடவை வண்டியை ஆஃப் பண்ணினால் தானாகப் பிடிபடும். எனக்கு அந்த ஐம்பது தடவைக்கு நேரம் இல்லாமல் போனது. உனக்கு இப்போது இருக்கிறது. (ஆட்டோமேட்டிக்கில் இந்த வம்பே இல்லை. அதில் கற்றுக்கொண்டாலும் ஒரு குறைச்சலும் கிடையாது. ஆனால் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால் கியர் வண்டி ஓட்டக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. விசாரித்துவிட்டுச் சேர்.)

பயம் என்றாய். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 11.9 லட்சம் பேர். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே அதுதான். ஆனால் அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் நடந்து போனவர்கள், சைக்கிள்காரர்கள், மோட்டார் பைக்கில் போனவர்கள். ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருந்தால் சாலையிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று ஆகாது. ஓட்டத் தெரிந்த பிறகு நான் சாலையைக் கடக்கிற விதமே மாறிவிட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் 14 மீட்டர் நகர்ந்துவிடும். ஓட்டுகிறவர் நம்மைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் கரைந்துவிடும், அதற்குப் பிறகுதான் வேகம் குறையவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உட்கார்ந்து ஓட்டும்போதுதான் உறைத்தது. பெரிய வண்டிக்குப் பக்கவாட்டில் ஒட்டி நடக்கிற பழக்கமும் அன்றோடு போயிற்று. அங்கே நிற்கிறவர் கண்ணாடியில் தெரியவே மாட்டார்.

"இன்னும் பத்து வருஷத்துல கார் தானா ஓடும் சித்தி" என்றாயே, அதற்கு வருகிறேன். 1888இல் ஜெர்மனியில், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மான்ஹெய்மிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்முக்கு மூன்று சக்கரக் காரில் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டதும் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். அன்றைக்கு ஓட்டுவது என்றால் அதெல்லாம் சேர்ந்ததுதான். கைவேலை அதன் பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது, இனியும் உதிரும். ஆனால் தானியங்கி வண்டிகளைத் தரம் பிரிக்கிற 0 (எல்லாம் மனிதர் கையில்) முதல் 5 (முழுக்கத் தானாக) வரையான அளவுகோலில் 3ஆம் நிலை வரைக்கும், தேவைப்படும்போது ஒரு மனிதர் ஸ்டீயரிங்கை வாங்கியாக வேண்டும். வாங்கத் தெரிந்தவர்தானே வாங்க முடியும்!

வேண்டாம் என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணங்களும் உண்டு. அடிக்கடி மயக்கம் வருகிறது, பார்வை சரியில்லை என்றால் முதலில் டாக்டர், பிறகுதான் மற்றதெல்லாம். இன்னொன்று: கற்றுக்கொண்டு ஆறு மாதம் தொடாமல் விட்டால் கை மறந்துவிடும். லைசென்ஸ் மட்டும் பர்ஸில் இருக்கிற ஆள் ஆபத்தானவர். மாதத்துக்கு ஒரு தடவையாவது யாருடைய வண்டியையாவது ஓட்ட வழியில்லை என்றால் தள்ளிப்போடு, நானே உன் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன்.

கற்றுக்கொள்ளும் நாட்களைவிட லைசென்ஸ் வந்து தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் மோசம். நியூசிலாந்தில் 1987லேயே இதற்கென்று படிப்படியான லைசென்ஸ் கொண்டுவந்தார்கள். புதிதாக ஓட்டுகிறவர் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. நீ இருக்கும் இடத்தில் இப்படி விதி இல்லாவிட்டாலும் நீயே போட்டுக்கொள். வண்டி நிறைய சிநேகிதிகளும் பாட்டும் இரண்டாவது வருஷத்துக்கு இருக்கட்டும்.

ஒரு வேடிக்கை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். முதல் பத்து வகுப்பு வரை வண்டியை நான்தான் அழகாக நிறுத்துகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் குனிந்து பார்த்தால் அவர் பாதம் பெடல் மேல்.

பழகுநர் உரிமம் வாங்கியதும் சொல். எங்கேயாவது காலி மைதானமாகப் பார்த்து என் வண்டியைக் கொண்டுவருகிறேன், ஆசை தீர ஆஃப் பண்ணு. என் காலடியில் பிரேக் கிடையாது. கையை ஹேண்ட்பிரேக் மேல்தான் வைத்திருப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
சித்தி